காற்றை எங்கே வைப்பது?

நெகிரி செம்பிலானில் விடியற்காலையில் ஒருவர் மேல்சட்டையை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு மோட்டார் ஓட்டிப் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜிப் முதுகுப் பக்கம் திறந்து கிடக்கும். சட்டையின் முதுகு நெஞ்சை மூடியிருக்கும். ரந்தாவிலிருந்து சிலியாவுக்கும் லிங்கிக்கும் போகிற சாலையில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு மட்டும்தான் வேடிக்கை. ஜிப் இருக்கும் இடத்தில்தான் காற்று நுழைகிறது. அதைப் பின்னால் தள்ளிவிட்டால் நெஞ்சுக்குக் குளிர் ஏறாது. போய்ச் சேர்ந்ததும் ஒரே இழுப்பில் கழற்றி முன்கூடையில் போட்டுவிடலாம். காசு செலவில்லாத முன்கண்ணாடி அது.

அதோடு நிற்காமல், மோட்டாருக்கே ஒரு முன்கண்ணாடி வாங்கி மாட்டுகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களில் சிலர் கொஞ்ச காலம் கழித்து ஹெண்டலையும் மாற்றுவார்கள். நானும் அந்த வகை. இரண்டையும் மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். காற்றை யாராலும் ஒழிக்க முடியாது. நெஞ்சில் விழுந்தது காதுக்குப் போகும். காதிலிருந்து விரட்டினால் கைக்கு வரும். எந்த இடத்தில் விழுந்தால் நம்மால் தாங்க முடியும் என்று முடிவு செய்யும் உரிமையைத்தான் மோட்டார் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த உரிமை சின்ன விஷயமாகப் படுவதில்லை.

நம் ஆட்கள் ஓட்டிய வண்டி நமக்காகச் செய்யப்பட்டதல்ல. 1958இல் ஹோண்டா நிறுவனம் ஜப்பானில் சூப்பர் கப் வண்டியை வெளியிட்டது. சோய்ச்சிரோ ஹோண்டா இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டார். அவருடைய கூட்டாளி தக்கேயோ ஃபுஜிசாவா விற்பனையைப் பார்த்துக்கொண்டார். நூடல்ஸ் கொண்டுபோகிற கடைப்பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு மறுகையால் ஓட்ட வேண்டும் என்பது அவர்கள் மனத்தில் இருந்த ஒரு கணக்கு. அதனால் இடக்கைப் பக்கம் கிளட்ச் பிடி கிடையாது. காலால் கியர் மாற்றும்போது கிளட்ச் தானே விட்டுப் பிடிக்கும். அந்நாளில் ஜப்பானில் பல சாலைகள் தார் காணாதவை. ஆகவே முழங்காலுக்கு முன்னால் சேறு தெறிக்காமலிருக்க அகலமான பிளாஸ்டிக் மறைப்பு வைத்தார்கள். இந்த வரிசை வண்டிகளின் மொத்த உற்பத்தி 2017இல் பத்துக் கோடியை எட்டியது. மலாயாவுக்கு ஹோண்டாவைக் கொண்டுவந்தவர் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் முதலில் சி70 வந்தது, பிறகு 1987இல் அறிமுகமான இ.எக்ஸ்.5. இந்த இரண்டில் ஒன்று நிற்காத லயத்து வாசல் அபூர்வம்.

கடைப்பையனுக்கு வைத்த கணக்கு தோட்டத்துக்கும் பொருந்தியது ஆச்சரியந்தான். பால்மரம் வெட்டப் போகிறவருக்கும் ஒரு கை எப்போதும் வேறு வேலையில் இருக்கும். வாளி, சோற்றுத் தூக்கு, மடியில் பிள்ளை. முழங்கால் மறைப்பு செம்மண் சடக்கின் சேற்றைத் தடுத்தது. ஆனால் முழங்காலுக்கு மேலே அந்த வண்டியில் ஒரு தடுப்பும் கிடையாது. நகரத்துச் சந்துகளில் மெதுவாகப் போகிற பையனுக்கு அது தேவைப்படவில்லை. இங்கே நிலைமை வேறு.

ரப்பர் மரத்தின் பால், மரம் நீரால் விம்மி நிற்கிற நேரத்தில்தான் நன்றாக ஓடும். வெயில் ஏறி இலைகள் நீரை வெளியேற்றத் தொடங்கினால் உள்ளழுத்தம் குறைந்து ஓட்டம் தளர்ந்துவிடும். ஆகவே இருட்டோடு பெரட்டு என்ற ஆள்கணக்கு, வெளிச்சம் வருவதற்குள் முதல் மரம். தோட்டத்துக்குள்ளேயே குடியிருந்தவரை நடந்தோ சைக்கிளிலோ போய்விடலாம். ஒரு தோட்டத்தில் வீடு, இன்னொரு தோட்டத்தில் வேலை என்றாகிவிட்ட குடும்பங்களுக்கும், வெட்டை முடித்து மதியம் சிரம்பானிலோ போர்ட்டிக்சனிலோ வேறு வேலை பார்த்தவர்களுக்கும் விடிகாலைச் சாலை தவிர்க்க முடியாததாயிற்று. அந்த நேரத்துக் குளிர் வெப்பமானியில் 23 பாகையை ஒட்டி இருக்கும். குளிர் நாட்டுக்காரர் சிரிப்பார். வியர்வையில் ஊறிப் பழகிய உடம்பில், மரத்தடிப் பனி ஈரத்தோடு, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும்போது அது வேறு பாகை.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தவருடைய முன்பக்கப் பரப்பைச் சுமார் 0.4 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் அவர் மேல் விழும் விசை ஒன்றரை, ஒன்றேமுக்கால் கிலோ எடைக்குச் சமம். 60இல் அது ஏழு கிலோவை நெருங்கும். 90இல் பதினைந்து கிலோ. வேகம் மும்மடங்காகும்போது சுமை ஒன்பது மடங்காகிறது. தோட்டத்துச் சடக்கில் யாருக்கும் உறைக்காத காற்று பெரிய சாலை ஏறியதும் ஆளைப் பின்னுக்குத் தள்ளுவது இதனால்தான். பின்னுக்குப் போகாமலிருக்க ஹெண்டலைப் பிடித்துத் தொங்குகிறோம். தோளும் புஜமும் வலிப்பதற்குக் காரணம் வண்டியின் எடையல்ல. வழி நெடுகக் காற்றோடு நடத்திய கயிறிழுப்பு.

அப்போதுதான் முன்கண்ணாடி நினைவுக்கு வருகிறது. சி70 காலத்தில் கிடைத்தது ஒரு வளைந்த அக்ரிலிக் தகடு, இரண்டு இரும்புக் கம்பிகள், நான்கு மறை. கம்பிகளைப் பக்கக் கண்ணாடியின் அடித்தண்டோடு சேர்த்து முடுக்குவார்கள். கால் மணி நேர வேலை. முதல் சவாரியில் கிடைக்கும் நிம்மதி உண்மையானது. நெஞ்சில் இருந்த கை எடுக்கப்பட்டதுபோல் இருக்கும். மழைக்குப் பிறகு விளக்கைத் தேடிப் பறந்துவரும் ஈசல் கழுத்துக்குள் விழாது. லோரி தெறிக்கும் சேற்றுத் தண்ணீர் வாயில் படாது.

இரண்டாவது வாரத்தில் காது பேச ஆரம்பிக்கும். தகட்டின் மேல்விளிம்பில் மோதிப் பிரியும் காற்று ஒழுங்காக மேலே போய்விடுவதில்லை. சுழல் சுழலாக உடைகிறது. அந்தச் சுழல்கள் எந்த உயரத்தில் அடிக்கின்றனவோ அந்த உயரத்தில் நம் தலை இருக்கிறது. முன்பு ஒரே சீராக வீசிய காற்று இப்போது தலைக்கவசத்தைத் தட்டித் தட்டி ஆட்டுகிறது. இரைச்சல் கூடிவிட்டது. தகட்டை உயர்த்தினால் சுழல் தலைக்கு மேலே போகும், ஆனால் தகட்டின் ஊடாகத்தான் சாலையைப் பார்க்க வேண்டும். இரவு மழையில் எதிரே வரும் விளக்கு ஒவ்வொரு துளியிலும் சிதறும். அதைத் துடைக்க வைப்பர் கிடையாது. தாழ்த்தினால் பார்வை தெளியும், காற்று கழுத்துக்குத் திரும்பும். மேல்விளிம்பு மூக்கு மட்டத்தை ஒட்டி நிற்கட்டும், கண் அதற்கு மேலே பார்க்கட்டும் என்பது அனுபவசாலிகள் வைத்த சமரசம்.

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1976இல் ஆர்100ஆர்எஸ் என்ற பெரிய வண்டியை வெளியிட்டபோது அதன் முன்மறைப்பை இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து வடித்தார்கள். எங்களுக்குக் காற்றுச் சுரங்கம் லாபு ரோடு. ஒரு முறை மறையைத் தளர்த்தி இரண்டு விரல் சாய்த்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது, மறுநாள் ஒரு விரல் நிமிர்த்துவது, காதைக் கேட்டு முடிவு செய்வது. ஆராய்ச்சி முறை ஒன்றுதான். கருவியும் சம்பளமும் வேறு.

காதுக்குப் பிறகு கை. பி.எம்.டபிள்யூவின் மறைப்பு வண்டியின் சட்டத்தில் பொருத்தப்பட்டது. ஹெண்டல் திரும்பும்போது அது திரும்பாது. நம் கடைத் தகடு ஹெண்டலிலேயே தொங்குகிறது. அதுவரை நெஞ்சு வாங்கிய காற்றைத் தகடு வாங்கி, அப்படியே ஹெண்டலுக்குக் கொடுக்கிறது. பக்கத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி கடக்கும்போதும், மரங்கள் முடிந்து திடீரென்று வெட்டவெளி தொடங்குமிடத்திலும், முன்சக்கரம் யாரோ தொட்டுத் திருப்பியதுபோல் அசைகிறது. கடைக்காரர் இதைச் சொல்லி விற்பதில்லை. ஓட்டிப் பழகியவர் பிடியை இறுக்குவதில்லை. இறுக்கினால் உடம்பின் ஆட்டமும் ஹெண்டலுக்குப் போய்ச் சேர்ந்து நிலைமை மோசமாகும். விரல்களைத் தளர்த்தி, முழங்கையை மடித்து, வண்டி தானே நேராவதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

இன்னொரு மாற்றம் மெதுவாகத் தெரியவரும். முன்னால் இருந்து தள்ளிய காற்று போனதும் உடம்பு முன்னுக்குச் சாய்கிறது. முன்பு இழுத்துப் பிடித்த கைகள் இப்போது ஊன்றி நிற்கின்றன. பாரம் தோளிலிருந்து இறங்கி மணிக்கட்டில் உட்கார்ந்துவிடுகிறது. பால்வெட்டுகிறவரின் மணிக்கட்டு ஏற்கெனவே தேய்ந்தது. ஒரு நாளில் நானூறு, ஐந்நூறு மரங்கள்; ஒவ்வொன்றிலும் பட்டையைச் சீவாமல் சீவுவதுபோல் மெல்லிய ஒரே வெட்டு, கத்தி மரத்துக்குள் இறங்கிவிடாமல் பிடித்திழுக்கும் நுணுக்கம். அந்தக் கையோடு வீடு திரும்பும்போது முறுக்குப் பிடியின் கோணம் ஒரு விரற்கடை தவறாக இருந்தாலும் தெரியும். முன்கண்ணாடி மாட்டியவர் ஹெண்டலைப் பற்றி யோசிக்கத் தொடங்குவது இதனால்தான். ஒன்றைத் தீர்க்கப் போய் இன்னொன்றில் கை வைக்கிறோம்.

பெரிய மோட்டார்களில் ஹெண்டல் என்பது பற்றுவளையத்தில் இறுக்கிய ஒரு குழாய். தளர்த்திச் சுழற்றலாம், வேறு வாங்கி வைக்கலாம். இ.எக்ஸ்.5இல் அந்த வசதி கிடையாது. முன்விளக்கு, வேகமானி, விசைகள் எல்லாம் ஹெண்டலை மூடிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கின்றன. ஹெண்டலை மாற்றுவதென்றால் அந்தக் கூட்டையே பிரிக்க வேண்டும். திருப்புதண்டின் மேல் டி வடிவத்தில் ஓர் அடித்தாங்கி வைத்து, அதில் 22 மில்லிமீட்டர்க் குழாய் ஹெண்டலைப் பூட்டுவார்கள். விளக்குக்குத் தனியிடம் தேட வேண்டும். முறுக்குக் கம்பி, முன்பிரேக் கம்பி, மின்கம்பிகள் எல்லாம் பழைய உயரத்துக்கு அளந்து வெட்டப்பட்டவை. கிளட்ச் கம்பி கிடையாது என்பது மட்டும் கடைப்பையனின் புண்ணியம். நல்ல மெக்கானிக் வேலையை முடித்ததும் என்ஜினை ஓடவிட்டு ஹெண்டலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பார்ப்பார். திருப்பும்போது என்ஜின் சத்தம் கூடினால் கம்பி இழுபடுகிறது என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் வண்டியைக் கொடுத்தால், ஏதோ ஒரு முச்சந்தியில் திரும்பும்போது வண்டி தானாகப் பாயும்.

உயரமான, பின்னுக்கு வளைந்த ஹெண்டல் மணிக்கட்டை நேராக்குகிறது; முதுகு நிமிர்கிறது. அகலமான ஹெண்டல் நெம்புகோல் நீளத்தைக் கூட்டுவதால் குழியும் மேடுமான செம்மண்ணில் சக்கரத்தை அடக்க எளிது. பதிலுக்கு அது கேட்கும் விலைகளும் உண்டு. நிமிர்ந்த உடம்பு மறுபடியும் தகட்டுக்கு மேலே எழுந்துவிடும். கண்ணாடியின் உயரத்தைப் புதிதாகப் பார்க்க வேண்டும். பின்னால் மாட்டுக்குப் புல்லுக்கட்டு ஏற்றினால் ஏற்கெனவே இலேசாகிவிடும் முன்சக்கரம், பாரம் பின்னுக்குப் போனதால் இன்னும் இலேசாகும். புக்கிட் தங்கா வளைவுகளில் ஏறும்போது அது தெரியும். செம்பனை நிரைகளுக்கு நடுவே போகிறவருக்கு அகலமே தொல்லை. தாழ்ந்த மட்டையின் முள் முதலில் ஹெண்டல் முனையைத்தான் பிடிக்கும்.

தகட்டுக்கும் தோட்டத்தில் ஆயுள் குறைவு. அக்ரிலிக் கீறலைத் தாங்கும், அடியைத் தாங்காது. விழுந்தால் நட்சத்திரமாக விரியும். பாலிகார்பனேட் அடி தாங்கும், ஆனால் காய்ந்த துணியால் துடைத்தாலே கோடு விழும். பால் தெறித்தால் பதறத் தேவையில்லை, காய்ந்ததும் தோலாக உரிந்து வந்துவிடும். பால் உறையாமலிருக்க ஊற்றும் அமோனியாதான் பாலிகார்பனேட்டுக்குப் பகை. தகட்டை மங்கலாக்கி உள்ளிருந்து வெடிப்பு விடும். ஆகவே வாளியும் தகட்டுக் கண்ணாடியும் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் அச்சாகவில்லை. ஒரு தோட்டத்தில் ஒருவர் கெடுத்துக்கொண்டால் அடுத்தவருக்குத் தெரிந்துவிடும்.

இதுவரை ஒரு வண்டிக்கு ஓர் உடம்பு என்றே சொல்லிவந்தேன். தோட்டத்தில் அப்படி இருந்ததில்லை. ரந்தாவுக்கும் லிங்கிக்கும் நடுவே ஒரு தோட்டத்தில் என் அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். வீட்டில் ஒரு சி70. அப்பா நெடுநெடுவென்று உயரம். அம்மா அவர் தோளுக்கு எட்டமாட்டார். அப்பா தன் மூக்குக்கு அளவெடுத்து முன்கண்ணாடி மாட்டினார். அம்மாவுக்கு அதன் விளிம்பு நெற்றிக்கு மேலே நின்றது. அவர் சாலையைப் பார்த்ததெல்லாம் பிளாஸ்டிக் வழியாகத்தான். என் தம்பியை முன்னால் நிறுத்திக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகைக்குப் போய் விட்டுவிட்டு வேலைக்காட்டுக்கு ஓட்டுகிறவர் அவர். மழைக்காலத்தில் தலையைப் பக்கவாட்டில் நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு போவார். ஒரு நாள் மதியம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தபோது மோட்டாரைக் கடைத்தெருவுக்கு ஓட்டிப்போனார். கடைக்காரர் சீனர், தோட்டத்துத் தமிழை நம்மைப்போலவே பேசுவார்.

“தவுக்கே, இந்தக் கண்ணாடிய நாலு விரக்கட வெட்டிருங்க.”

“உன் வீட்டுக்காரரு கோவிச்சுக்க மாட்டாரா தங்கச்சி? அவருதான அளவெடுத்து மாட்டுனாரு.”

“அவரு கண்ணுக்குக் கண்ணாடிக்கு மேல ரோடு தெரியுது. என் கண்ணுக்கு நேரா கோடுதான் தெரியுது. பிள்ளைய வச்சிக்கிட்டு ஓட்டறது நானு. வெட்டுங்க.”

வெட்டினார். விளிம்பை அரத்தால் தேய்த்து, சைக்கிள் டியூபைக் கீறி ஓரத்தில் ஒட்டிக் கொடுத்தார். மறுநாள் காலையிலிருந்து அப்பாவின் கழுத்தில் காற்று அடித்தது. வீட்டில் சண்டை நடக்கவில்லை. அப்பா இரண்டு நாள் முறைத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் மேல்சட்டையை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டார். வலிமையான கழுத்து காற்றை வாங்கிக்கொள்ளட்டும், பிள்ளையைக் கொண்டுபோகிற கண்ணுக்குச் சாலை தெரியட்டும் என்ற ஏற்பாடு. யாரும் அதைப் பேசி முடிவெடுக்கவில்லை. ஹெண்டலும் பிறகு அம்மாவின் கைநீளத்துக்குப் பின்னுக்கு வளைந்தது.

எந்த ஊருக்கும் பொதுவான கதை என்று இதைச் சொல்லிவிடலாம். தோட்டத்தில் இதற்கு இன்னொரு அடுக்கு இருக்கிறது. பால்மரம் கம்பெனியுடையது. கத்தியைப் பிடிக்கும் விதத்தைக்கூட மண்டோர் வந்து திருத்துவார். வீடு கம்பெனியுடையது, பின்னால் ஒரு சாய்ப்பு இறக்குவதற்கும் ஆபீசில் கேட்க வேண்டும். கோயில் நின்ற மண்ணும் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனியே யாருடையது என்பது வேறெங்கோ முடிவாகும். 1981 செப்டம்பர் 7ஆம் தேதி காலை லண்டன் பங்குச் சந்தையில் மலேசியாவின் பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் சில மணி நேரத்தில் குத்ரி கம்பெனியைக் கைக்குக் கொண்டுவந்தது. நெகிரி செம்பிலானிலும் தோட்டங்கள் வைத்திருந்த கம்பெனி அது. நாட்டுக்கு அது பெருமைக்குரிய நாள். லயத்தில் மறுநாளும் அதே நேரத்துக்குப் பெரட்டு. 2007இல் குத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. பலகையில் பெயர் மாறியது. நிலத்தின் பயன் மாறியபோது ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ச் சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. இதில் எதையும் லயத்துக்காரர்களைக் கேட்டுச் செய்யவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் மோட்டார் ஒரு தனி ஜாதிப் பொருள். தவணையில் வாங்கியதுதான், தவணை முடியும்வரை அதுவும் கடன்காரனுடையது. ஆனால் மறையைத் தளர்த்துவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மூன்று தலைமுறையாக வேறொருவர் அளவெடுத்த வீட்டில், வேறொருவர் குறித்த நேரத்தில், வேறொருவர் நட்ட நிரையில் வாழ்ந்தவர்கள், தங்கள் உடம்புக்கு அளவெடுத்துத் தாங்களே திருத்திக்கொண்ட முதல் பெரிய பொருள் அதுவாகத்தான் இருக்கும். தோட்டத்து மோட்டார்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் இது விளங்கும். ஒன்றில் கூடை உயரம், ஒன்றில் தாழ்வு. ஒன்றில் பிள்ளைக்கு மூங்கில் இருக்கை. ஒன்றில் ஹெண்டல் மட்டும் வீட்டுக்காரி பக்கம் சாய்ந்திருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாம் ஒரே அச்சு.

இதைச் சொல்லிவிட்டு எல்லா மாற்றத்தையும் கொண்டாடிவிட முடியாது. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அனுமதியில்லாமல் வாகனத்தை மாற்றியமைப்பதைக் குற்றமாக்குகிறது. நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார்காரர்கள். தலைக்கவசத்தை 1973இலேயே கட்டாயமாக்கிய நாடு இது. அப்படியிருந்தும் நிலைமை இதுதான். எங்கள் தாமான்களில் பையன்கள் ஹெண்டலின் பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றிவிட்டு மெலிந்த லிடி ஹெண்டலைப் போட்டு, பக்கக் கண்ணாடியை அகற்றி, வயிறு இருக்கையில் படக் குனிந்து ஓட்டுகிறார்கள். அவர்களுக்கும் காற்றுதான் எதிரி. ஒருவர் காற்றுக்குத் தடுப்புக் கட்டுகிறார், இன்னொருவர் காற்றுக்கு அடியில் நுழையப் பார்க்கிறார். நெடுஞ்சாலையில் அப்படி விழுந்த பிள்ளைகளின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். உரிமையைப் பற்றிப் பேசும் வாய் அங்கே திறக்காது.

ஆகவே சட்டம் வேண்டும். என் குறை சட்டத்தின் கண்ணைப் பற்றியது. சாலைத் தடுப்பில் நிற்கும் அதிகாரிக்கு அசல் பாகமா, கடைப்பாகமா என்பதுதான் எளிதாகத் தெரிகிற கேள்வி. கேட்க வேண்டியவை வேறு. ஹெண்டலைக் கோடிவரை திருப்பினால் கம்பி இழுபடுகிறதா? பிரேக் முழுதாகப் பிடிக்கிறதா? ஓட்டுகிறவரின் கண் தகட்டுக்கு மேலே சாலையைப் பார்க்கிறதா? மோதினால் தகடு கூராக உடையுமா? இந்தக் கேள்விகளில் தேறும் கடைப்பாகங்கள் உண்டு. உயரம் குறைந்த ஒரு பெண் ஓட்டும்போது தேறாத அசல் வண்டிகளும் உண்டு. அசல் என்று முத்திரையிட்டதும் ஒரு சராசரி உடம்புக்குச் செய்ததுதான். அந்தச் சராசரி ஆளை நான் எந்தத் தோட்டத்திலும் சந்தித்ததில்லை.

இப்போது சாலையும் மாறிவிட்டது. பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் செனவாங், நீலாய் தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டாருக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது என்பதால் அதே 100 சிசி வண்டிகள் லோரிகளுக்கும் பேருந்துகளுக்கும் பக்கத்தில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. தோட்டத்துச் சடக்கில் ஒன்றேமுக்கால் கிலோவாக இருந்த காற்று அங்கே பதினைந்து கிலோ. ஹெண்டலில் தொங்கும் தகடு சடக்கில் சௌகரியம், நெடுஞ்சாலையில் ஆபத்து. அங்கே சின்னத் தகடோ, வெறும் மேல்சட்டையோ மேல். நான் சிரம்பானிலிருந்து உள்சாலைகளில் போகும்போது உயரத் தகட்டை மாட்டிக்கொள்கிறேன். நெடுஞ்சாலை நாட்களில் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொள்கிறேன். வயதாக ஆகத் தோளும் மணிக்கட்டும் தங்களுக்குள் பங்கை மாற்றிக் கேட்கின்றன. ஹெண்டல் போன வருடத்தைவிட இன்று ஒரு விரற்கடை பின்னால் இருக்கிறது.

இந்த வேலைக்கு முடிவு கிடையாது என்பதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை. வண்டியைத் தொழிற்சாலை பாதிதான் செய்து அனுப்புகிறது. மீதி, ஓட்டுகிற உடம்பும் போகிற சாலையும் சுமக்கிற பாரமும் தெரிந்த பிறகு நடக்க வேண்டியது. அதைச் செய்யும் தகுதி ஓட்டுகிறவருக்கும், ஹெண்டலைக் கோடிவரை திருப்பிப் பார்க்கிற அவருடைய மெக்கானிக்குக்கும் இருக்கிறது. ஒரு நாள் இந்த வண்டியை யாராவது வாங்குவார். வாங்கியவர் முதல் வேலையாக என் கண்ணாடியைக் கழற்றி, ஹெண்டலை முன்னுக்குத் தள்ளினால் சரியான ஆளிடம்தான் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.